எர்ரகுட்டை: ஒரு பக்கத்துக்கு மிகாமல்

ஊர் வரலாறு எழுதி அனுப்பச் சொல்லித்
தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம்.
ஒரு பக்கத்துக்கு மிகக் கூடாதாம்.
கல்வெட்டு உண்டா, கோட்டை உண்டா,
தலைவர் எவரேனும் வந்து போனதுண்டா.

கல்வெட்டு இல்லை.
சர்வே கல் ஒன்று உண்டு.
முனிரத்தினத்தின் எருமை அதில்தான் கட்டியிருக்கும்:
தலை தமிழ்நாட்டில், வால் ஆந்திராவில்.
சாணி யாருக்கு என்று
அவருக்கும் சலபதிக்கும் எட்டு மாதம் பஞ்சாயத்து.
அதை எழுதலாமா?

கோட்டையும் இல்லை.
தலைவர் ஒருவர் வந்தார், வழி தப்பி.
நகரிக்குப் போக வேண்டிய கார்.
இரண்டு பாஷையிலும் வணக்கம் சொல்லி
ஒரு கோலி சோடா குடித்தார்.
காசு வரவில்லை என்று கடைக்காரி ராஜம்மா
சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லைக்கோடு போட்டபோது
சங்கிலி பிடித்து நடந்தவர் எங்கள் தேவதானம்.
கூலி ஒன்றரை ரூபாய்.
சங்கிலி தன் வீட்டுக்குள் நுழையப் பார்த்ததும்
அதிகாரி பீடி பற்றவைத்த நேரத்தில்
ஓரடி நகர்த்தினாராம், அடுப்பாவது மிஞ்சட்டும் என்று.
அன்றிலிருந்து தேசப்படத்தில் ஓரடி கோணல்.
ஊருக்குத் தெரியும். டெல்லிக்குத் தெரியாது.

இங்கே சண்டை தெலுங்கில், கணக்கு தமிழில்.
கொஞ்சுவது எதில் என்று கேட்டால்
கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.
இந்தப் பக்கம் கரண்ட் போனால்
அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ஒயர் தெருவைத் தாண்டும்.
கங்கம்மா ஜாத்திரையில் சீரியல் பல்பு
பாதி அவர்கள் மின்சாரம், பாதி எங்களுடையது.
தேர்தலுக்கு இங்கே கடை மூடினால் அங்கே திறந்திருக்கும்,
அங்கே மூடினால் இங்கே.
ஊர் முழுதாய்த் தெளிந்திருந்த நாள்
பதிவில் இல்லை.

பக்கம் தீரப்போகிறது.
எழுத வேண்டியது இனிமேல்தான்.

கொரோனா வருஷம், விடிவதற்குள்
ஜேசிபி ஒன்று வந்து தெரு நடுவே
ஆளுயரம் செம்மண் கொட்டிப் போனது.
பதினோராம் நாள் நாகபூஷணம் செத்தார்.
அந்த நோயில்லை, மாரடைப்பு.
வீடு அந்தப் பக்கம், சுடுகாடு இந்தப் பக்கம்.
போலீஸ்காரர்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு மாநிலம்,
தரையைப் பார்த்து நின்றார்கள்.

அங்கிருந்து நாலு பேர் மேட்டில் ஏறி
உச்சியில் பாடையை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள்.
இங்கிருந்து நாலு பேர் ஏறினோம்.
மண் சரிந்தது. நான் ஒருமுறை வழுக்கினேன்.
அவர்கள் இறங்கி முடித்து
நாங்கள் ஏறி முடிக்காத அந்தக் கொஞ்ச நேரம்
அவர் மட்டும் மேலே கிடந்தார்,
ரேஷன் கார்டு செல்லாத இடத்தில்,
முகத்தில் வெயிலோடு.

தூக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து
வரலட்சுமி வதினா கத்தினாள்:
"மெல்லகா, மெல்லகா! அவருக்கு இடுப்பு வலி."
சரி வதினா என்றோம்.
மெல்லத்தான் இறக்கினோம்.

அகற்றச் சொல்லி ஆணை வருமுன்பே மேடு கரைந்துவிட்டது.
முனிரத்தினம் கொட்டகைக்கு ஆறு கூடை,
சலபதி அஸ்திவாரத்துக்கு இரண்டு டிராக்டர்,
நான் ஒரு பூந்தொட்டிக்கு.
கேஸ் போட யாரும் வரவில்லை.
அடுத்த மாநிலத்து மண் என்று
இரண்டு பேருமே நினைத்திருக்கலாம்.

ஐயா, மீதியைத் தாளின் பின்புறம் எழுதியிருக்கிறேன்.
மக்கள்தொகை கேட்டிருந்தீர்கள்.
இந்தப் பக்கம் இருநூற்றுப் பதினொன்று.
சரியான எண் வேண்டுமென்றால்
ஜாத்திரையன்று நேரில் வந்து எண்ணிக்கொள்ளுங்கள்.
ராஜம்மாவின் மகன்தான் இப்போது கடையில்.
அந்த சோடாவுக்கும் சேர்த்துக்
கொண்டு வாருங்கள்.